ஆறு இன்ச் எங்கே ஏழாகிறது? பொம்மைப் போரில் நகர்வு அளக்கும்போது வரும் கோளாறுகள்

காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீட்டின் வளவில், ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நாங்கள் நாலைந்து பேர் மினியேச்சர் போர் ஆடுகிறோம். விரல் உயரப் பொம்மைகள், அட்டையில் செய்த குன்றுகள், பகடை, டேப். தாயத்தில் கட்டம் உண்டு, ஆடுபுலி ஆட்டத்தில் கோடுகள் சந்திக்கும் புள்ளி உண்டு, காய் எங்கே நிற்கிறது என்பதில் சண்டைக்கு இடமில்லை. இதில் கட்டமே கிடையாது. "இந்த வீரன் ஆறு இன்ச் போகலாம்" என்று விதி சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அந்த ஆறு இன்ச்சை எதிலிருந்து எதுவரை, எதை வைத்து அளப்பது என்பதில்தான் வம்பு தொடங்குகிறது.

வீட்டுக்கார ஆச்சி ஒருநாள் காபியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பூக்காரி முழம் போடுறப்ப நான் பேசுறதைவிட நீங்க அதிகமாப் பேசுறீங்களேப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். பூக்காரியின் முழம் அவர் கை நீளம், ஆச்சியின் முழம் இவர் கை நீளம். இரண்டு பேருமே ஏமாற்றவில்லை. எங்கள் மேஜையிலும் பத்தில் ஒன்பது தகராறு அந்த ரகம்தான். அதனால் கீழே எழுதியிருப்பது திருடனைப் பிடிக்கும் வழி இல்லை, கோளாறைப் பிடிக்கும் வழி.

ஒரு குறிப்பு: இன்ச்சுக்குக் கீழே நான் நூல் கணக்கில்தான் எழுதுவேன். நம்மூர் ஆசாரிகள் சொல்லும் அதே நூல். எட்டு நூல் சேர்ந்தால் ஒரு இன்ச். ஒரு நூல் என்பது மூன்று மில்லிமீட்டரும் கொஞ்சமும்.

முதலில் இந்தச் சோதனை

எதையும் திருத்துவதற்கு முன்னால், காலி மேஜையில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். ஒரு காலாள் பொம்மையின் பேஸ், அதாவது அடியில் ஒட்டியிருக்கும் வட்டத் தட்டு, அந்தக் கோட்டை முன்விளிம்பால் தொடும்படி வையுங்கள். உங்கள் நண்பரை வழக்கம்போல ஆறு ஆறு இன்ச்சாக மூன்று முறை நேராக நகர்த்தச் சொல்லுங்கள். சோதனை என்று சொல்ல வேண்டாம். சொன்னால் எல்லாரும் தங்க நகை எடைபோடுகிற மாதிரி அளப்பார்கள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஆடவிடுங்கள். முடிந்ததும் கோட்டிலிருந்து முன்விளிம்பு வரை அளந்து பாருங்கள்.

18 இன்ச்சுக்கு ஒன்றிரண்டு நூல் முன்பின் இருந்தால் அது கை நடுக்கம், விட்டுவிடலாம். நாலைந்து நூல் கூடியோ குறைந்தோ இருந்தால் அளவுகோலில் கோளாறு. மூன்று நாலு இன்ச் கூடியிருந்தால் அளக்கும் முறையே தப்பு. சோதனை சரியாக வந்தும் ஆட்டத்தில் சண்டை வருகிறதென்றால், வளைவு, திருப்பம், பார்வை ஆகிய மூன்றில் ஒன்று.

மூன்று நகர்வில் மூன்று நாலு இன்ச் கூடுகிறது

இதுதான் அதிகம் காணும் நோய். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் இப்படி நடக்கும். டேப்பின் நுனியைப் பொம்மையின் முன்னால், பேஸைத் தொட்டபடி வைக்கிறார். ஆறாம் கோட்டில் இடது கை ஆள்காட்டி விரலை ஊன்றுகிறார். டேப்பை எடுத்துவிட்டு, வலது கையால் பொம்மையைத் தூக்கி, ஊன்றிய விரலுக்கு அந்தப் பக்கம் வைக்கிறார். விரல் இப்போது பொம்மையின் முதுகுப் பக்கம் இருக்கிறது. முன்விளிம்பில் தொடங்கிய அளவு பின்விளிம்பில் முடிந்துவிட்டது. காய்கறிக் கடையில் கருவேப்பிலை போடுகிற மாதிரி, ஒரு முழு பேஸ் கொசுறு.

கொசுறு எவ்வளவு? இப்போது பரவலாக இருக்கும் 32 மில்லிமீட்டர் பேஸ் என்றால் ஒரு இன்ச் இரண்டு நூல். மூன்று நகர்வில் மூன்றே முக்கால் இன்ச். 18 போக வேண்டியவன் 21-ஐத் தாண்டி நிற்பான்.

"ரெண்டு பேரும் அப்படித்தானே வைக்கிறோம், சமமாப் போச்சு" என்று எங்கள் கூட்டத்தில் ஒரு தம்பி வாதாடினார். சமம் இல்லை. 25 மில்லிமீட்டர் பேஸில் நிற்கும் சின்ன வீரனுக்கு ஏறக்குறைய ஒரு இன்ச் கொசுறு. 60 மில்லிமீட்டர் பேஸில் நிற்கும் ராட்சசனுக்கு இரண்டு இன்ச் மூன்று நூல். இருவருக்கும் விதிப்படி ஆறு இன்ச்தான் என்று வைத்துக்கொண்டால், பெரிய பேஸ் வைத்திருப்பவர் ஒவ்வொரு முறையும் ஒன்றேகால் இன்ச்சுக்கு மேல் லாபம் பார்க்கிறார். அந்தத் தம்பியிடம் ராட்சசப் பொம்மை நாலு இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் சிலரைக் குறை சொல்ல முடியாது. 2012-இல் வந்த எக்ஸ்-விங் விண்கப்பல் ஆட்டத்தில் விதியே அப்படி: கப்பலின் முன்னால் டெம்ப்ளேட் எனும் அட்டை அளவுத் துண்டைச் செருகி, கப்பலைத் தூக்கி, அதன் பின்பக்கம் டெம்ப்ளேட்டின் மறுமுனையில் பொருந்தும்படி வைக்க வேண்டும். அங்கே கொசுறு கணக்கிலேயே சேர்ந்தது. 40 மில்லிமீட்டர் டெம்ப்ளேட்டில் போகும் 40 மில்லிமீட்டர் கப்பல் உண்மையில் 80 மில்லிமீட்டர் நகரும். எல்லாக் கப்பலும் அப்படியே ஆடுவதாக வைத்துத்தான் அந்த ஆட்டத்தையே சமன் செய்திருக்கிறார்கள். அந்த ஆட்டத்தில் பழகிய கை, டேப் ஆட்டத்துக்கு வந்தாலும் அதையே செய்யும்.

தீர்வு எளிது. டேப்பைப் பொம்மையின் முன்னால் வைக்காதீர்கள், பக்கவாட்டில் வையுங்கள். பூஜ்யம் முன்விளிம்புக்கு நேராக இருக்கட்டும். டேப் கிடக்கும்போதே பொம்மையை அதன் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், முன்விளிம்பு ஆறைத் தொட்டதும் நிறுத்துங்கள். டேப்பை அதற்குப் பிறகுதான் எடுக்க வேண்டும். முன்விளிம்பில் தொடங்கினால் முன்விளிம்பில் முடியணும், பின்விளிம்பில் தொடங்கினால் பின்விளிம்பில் முடியணும். புதிதாக வருகிறவர்களில் சிலர் இதற்கு நேர் எதிராக, பின்விளிம்பிலிருந்து முன்விளிம்பு வரை ஆறு இன்ச் அளந்து ஒரு பேஸ் நஷ்டப்படுவார்கள். எதிராளி அதை மட்டும் ஒருநாளும் எடுத்துச் சொல்ல மாட்டார்.

ஒவ்வொரு டேப்பும் ஒவ்வொன்று சொல்கிறது

வீட்டில் இருக்கும் எல்லா அளவுகோலையும் எடுத்துத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 12 இன்ச் கோடுகள் ஒன்றுக்கொன்று நேராக வருகிறதா என்று பாருங்கள். நாங்கள் முதல்முறை செய்தபோது ஐந்து அளவுகோலில் மூன்றுதான் ஒத்துப்போயின.

பள்ளிக்கூட பிளாஸ்டிக் ஸ்கேலில் பூஜ்யம் ஸ்கேலின் நுனியில் இருக்காது. நுனிக்கும் பூஜ்யத்துக்கும் இடையில் ஒன்றரை இரண்டு நூல் வெற்றிடம் விட்டிருப்பார்கள். நுனியைப் பேஸில் முட்டவைத்து அளந்தால் அது அப்படியே சேர்ந்துகொள்ளும். இன்னொன்று, அதை எல்லாரும் ஒரு அடி ஸ்கேல் என்கிறோம். ஆனால் 30 சென்டிமீட்டர் ஒரு அடி ஆகாது. ஒரு அடி என்பது 30.48. அவசரத்தில் சென்டிமீட்டர் பக்கத்தைப் பார்த்து "பதினஞ்சுன்னா ஆறு இன்ச்" என்று வைப்பவர் ஒவ்வொரு முறையும் முக்கால் நூல் இழக்கிறார். 24 இன்ச் துப்பாக்கித் தூரத்தை 60 சென்டிமீட்டராக அளந்தால் இழப்பு மூன்று நூல். குறி ஓரத்தில் நிற்கும்போது மூன்று நூல் பெரிய விஷயம்.

இரும்பு டேப்பின் நுனியில் இருக்கும் கொக்கி லேசாக ஆடும். அது கோளாறு இல்லை, வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். கொக்கியை ஒரு விளிம்பில் மாட்டி இழுத்தால் அது வெளியே நகரும், சுவரில் முட்டினால் உள்ளே போகும். இரண்டிலும் கொக்கித் தகட்டின் கனம் கணக்கில் சரியாகிவிடும். இது தெரியாமல் நான் ஒரு டேப்பின் கொக்கியைச் சுத்தியால் தட்டி இறுக்கி, கூடவே பசையும் போட்டு, நல்ல டேப்பைக் கெடுத்தேன். கொக்கியை முட்டுவது மாட்டுவது எல்லாம் தொல்லை என்று நினைப்பவர்கள் ஆசாரிகள் செய்கிற மாதிரி 1 இன்ச் கோட்டிலிருந்து பிடித்து, கடைசியில் ஒன்று கழிக்கலாம். கழிக்க மறக்கக் கூடாது. ஒரு ஞாயிறு ஒரு முழு டர்னும், அதாவது என் முறை முழுக்க, மறந்து, என் குதிரைப்படை 12-க்குப் பதில் 11 தான் போனது. எதிரில் இருந்த அண்ணன் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை, வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் சிரித்தார்.

தையல் டேப் மடியும், பையில் அடங்கும், ஆனால் துணி டேப் என்றால் பழசாக ஆக நீளும். பழைய சாமான் கடையில் ஆசைப்பட்டு வாங்கிய, பித்தளைக் கீல் வைத்த மடக்கு மர அடிக்கோல் ஒன்றும் எங்களிடம் இருக்கிறது. அழகு! கீல் தேய்ந்து, விரித்தால் நேராகவே நிற்பதில்லை. அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டோம்.

எந்த அளவுகோல் சரி என்று தேடுவதைவிட, ஒரு ஆட்டத்துக்கு ஒரே அளவுகோல் என்று வைத்துக்கொள்வது மேல். இருவரும் அதையே வாங்கி வாங்கி அளக்கட்டும்.

சுவர் முனையைச் சுற்றிப் போனவன் அதிகம் போய்விட்டான்

வளவில் குழந்தைகள் தூணைப் பிடித்துக்கொண்டு சுற்றி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். தூணைத் தொடும் கை கொஞ்ச தூரம்தான் சுற்றுகிறது, கால் பெரிய வட்டம் போடுகிறது. பொம்மைக்கும் அதேதான்.

இடிந்த சுவரின் முனையைச் சுற்றி ஒரு வீரனைக் கொண்டுபோக வேண்டும். பலரும் சுவரை ஒட்டி டேப்பை மடக்கி அளப்பார்கள், அல்லது சுவரை ஒட்டி ஒரு நூலைப் (அளவு நூல் இல்லை, கட்டும் நூல்) போடுவார்கள். ஆனால் பேஸின் நடு சுவரை ஒட்டிப் போக முடியாது. பேஸின் பாதி அகலமாவது தள்ளித்தான் போகும். முனையில் அது ஒரு கால் வட்டம் போட்டாக வேண்டும். 32 மில்லிமீட்டர் பேஸுக்கு அந்தக் கால் வட்டம் மட்டும் 25 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு இன்ச். சுவரை ஒட்டி அளந்தவர் அந்த ஒரு இன்ச்சைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. மெல்லிய சுவரின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு முழுதாகத் திரும்பினால் இரண்டு இன்ச் போய்விடும்.

அதனால் வளைவு வந்தால் பேஸின் நடுப்புள்ளி போகும் பாதையை அளக்க வேண்டும், சுவரை இல்லை. இதற்கு டேப்பைவிட நூல் நல்லது. 1913-இல் ஆங்கில எழுத்தாளர் ஹெச். ஜி. வெல்ஸ் 'லிட்டில் வார்ஸ்' என்ற புத்தகத்தில் பொம்மைப் போர் விதிகளை எழுதியபோது ஒவ்வொரு ஆட்டக்காரரும் இரண்டு நூல் வைத்திருக்க வேண்டும் என்றார்: ஒன்று இரண்டு அடி, இன்னொன்று ஆறு இன்ச். காலாளுக்கு ஒரு அடி, குதிரைக்கு இரண்டு அடி. ஆறு இன்ச் நூல் பீரங்கிக்கு. அந்தத் தூரத்துக்குள் தன் ஆட்கள் நாலு பேராவது நின்றால்தான் பீரங்கி வேலை செய்யும். அவரும் தரையில் உட்கார்ந்து ஆடியவர்தான்.

நூல் என்றால் கொத்தனார் கட்டும் நைலான் நூலை எடுக்காதீர்கள், இழுத்தால் நீளும். நாங்கள் மெல்லிய பித்தளைச் சங்கிலி ஒன்றை ஆறு இன்ச்சில் வெட்டி, ஒவ்வொரு இன்ச்சிலும் சிவப்பு நெயில் பாலிஷ் வைத்திருக்கிறோம். நீளாது, சுவர் முனையில் சொன்னபடி வளையும், கையை எடுத்தால் அப்படியே கிடக்கும். சங்கிலியைப் பாதையில் கிடத்தி, பேஸ் அளவுக்கு வெட்டிய ஒரு அட்டை வட்டத்தை அதன்மேல் நகர்த்திப் பார்த்தால், எங்காவது சுவரில் இடிக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். இடித்தால் பாதை தப்பு.

திரும்பி நின்றதாலேயே எதிரியைத் தொட்டுவிட்டது

வட்ட பேஸை எந்தப் பக்கம் திருப்பினாலும் எடுத்துக்கொள்ளும் இடம் ஒன்றுதான். நீள பேஸ் அப்படி இல்லை. மோட்டார் சைக்கிள் பொம்மைகள் நிற்கும் 75-க்கு 42 மில்லிமீட்டர் முட்டை வடிவ பேஸை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரியைப் பார்க்காமல் குறுக்காக நின்றால் நடுவிலிருந்து எதிரிப் பக்கம் 21 மில்லிமீட்டர் நீட்டியிருக்கும். அப்படியே நின்ற இடத்தில் திரும்பினால் 37½ நீட்டும். இம்மிகூட நகராமல் ஐந்து நூல் லாபம். முதல் டர்னில் வேண்டுமென்றே குறுக்காக நிறுத்தி, அடுத்த டர்னில் திருப்பி ஓட்டும் கெட்டிக்காரர்கள் உண்டு. இது விதியை மீறல் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் எனக்குப் பிடிக்காது.

உங்கள் ஆட்டத்தின் விதி திருப்பத்துக்கு என்ன சொல்கிறது என்று முதலில் பாருங்கள். சில ஆட்டங்களில் திரும்புவதற்கென்றே இத்தனை இன்ச் என்று கழித்துவிடுவார்கள். அப்படி இருந்தால் பிரச்சினை தீர்ந்தது. "பேஸின் எந்தப் பகுதியும் அனுமதித்த தூரத்துக்கு மேல் போகக் கூடாது" என்று இருந்தால், அதிகம் நகர்ந்த மூலை எதுவோ அதைத்தான் அளக்க வேண்டும், நடுவை இல்லை. எதுவும் சொல்லாவிட்டால் ஆட்டம் தொடங்கும் முன்னால் இருவரும் பேசிக்கொள்ளுங்கள். இரண்டாவது டர்னில் பேசினால் அது பேச்சாக இருக்காது.

வரிசை கட்டி நிற்கும் படைக்கு இது இன்னும் பெரிதாகும். தேர் வீதி முனையில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் நின்ற இடத்திலேயே முறுக்கிக்கொள்ளும், வெளிப்பக்கச் சக்கரம் சுற்றிக்கொண்டு வரும். படையும் உள்மூலையை ஊன்றிக்கொண்டுதான் திரும்புகிறது. அதனால் வெளிமூலை போன தூரமே படை போன தூரம். 20 மில்லிமீட்டர் பேஸில் ஐந்து பேர் அகலம், மொத்தம் 100 மில்லிமீட்டர் என்று வையுங்கள். முழுச் செங்கோணம் திரும்பினால் வெளிமூலை வளைந்து போகும் தூரம் 157 மில்லிமீட்டர், அதாவது ஆறு இன்ச்சுக்கு மேல். தொடங்கிய இடத்திலிருந்து முடிந்த இடத்துக்கு டேப்பை நேராக வைத்தால் 141 தான் காட்டும். ஐந்து நூல் காணாமல் போய்விட்டது.

வளைவை யாராலும் மேஜையில் டேப்பால் அளக்க முடியாது. பாதிப் பாதியாகத் திருப்புங்கள். 45 பாகை திருப்பி நேராக அளந்து, மறுபடியும் 45 திருப்பி அளந்து கூட்டினால் 153 வரும். மீதி ஒரு நூல்தான், அதற்காக யாரும் சண்டை போட மாட்டார்கள்.

கூட்டமாக நகர்த்தும்போது பின்னால் நின்றவன் முன்னால் வந்துவிடுகிறான்

பத்துப் பேர் படை. முதல் ஆளை ஒழுங்காக அளந்து வைப்பார். மீதி ஒன்பது பேரை இரண்டு கையாலும் அள்ளி அவன் பக்கத்தில் பரப்புவார். இரண்டு இன்ச் பின்னால் நின்றவன் இப்போது முன்வரிசையில் நிற்கிறான், அதாவது எட்டு இன்ச் போயிருக்கிறான். அள்ளிய கைக்கு அது தெரியாது. எதிராளிக்கும் தெரியாது, அவன் எங்கே நின்றான் என்பதற்கு இனி சாட்சி இல்லை.

பத்துப் பேரையும் தனித்தனியாக அளந்தால் ஆட்டம் முடிய ராத்திரி ஆகிவிடும். நாங்கள் செய்வது இது. முன்னால் நிற்பவனை அளந்து வைப்போம். மற்றவர்கள் படையில் தாங்கள் நின்ற அதே இடத்தைப் பிடித்தால் கண் கணக்கே போதும். யாராவது இடம் மாறி முன்னால் வந்தால் அவனை மட்டும் தனியாக அளக்க வேண்டும். எவனாவது ஒருவன் கடைசிவரை பழைய இடத்திலேயே நிற்க வேண்டும், சாட்சிக்கு.

தனி ஆளைத் தூக்குவதற்கு முன்னால் பேஸின் முன்விளிம்பில் ஒரு புளியங்கொட்டை. பல்லாங்குழிக்கு வைத்திருந்த டப்பாவிலிருந்து ஆச்சி ஒரு கைப்பிடி கொடுத்தார். பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு "இங்கே போகவா, அங்கே போகவா" என்று யோசிக்கும் பழக்கம் எல்லாருக்கும் உண்டு, எனக்கு நிறையவே உண்டு. யோசித்து முடிக்கும்போது எங்கே நின்றது என்பது மறந்துவிடும். கொட்டை இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மனதை மாற்றிக்கொள்ளலாம். சோழியும் வைத்துப் பார்த்தோம், மேஜை ஆடினால் உருள்கிறது.

எனக்கு ஏழே முக்கால், அவருக்கு எட்டரை

"அண்ணே, எட்டரை இருக்கு, சார்ஜ் வராது."

"தம்பி, எனக்கு ஏழே முக்கால்தான் தெரியுது."

சார்ஜ் என்றால் பாய்ந்துபோய் எதிரியோடு மோதுவது. இருவரும் ஒரே டேப்பைத்தான் பார்க்கிறார்கள், இருவரும் பார்ப்பது உண்மை. நடுவில் பொம்மைகள் நிற்பதால் டேப்பைத் தலைக்கு மேலே பிடித்திருக்கிறார்கள். டேப் மேஜையிலிருந்து ஒரு இன்ச் உயரத்தில் இருந்து, நீங்கள் சாய்வாக 45 பாகையில் பார்த்தால், கோடு ஒரு இன்ச் தள்ளி விழுவது போலத் தெரியும். என் பக்கமிருந்து பார்க்கும் எனக்கு எட்டாம் இன்ச்சில் நிற்கும் எதிரி ஏழில் தெரிவான். எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவருக்கு அதே ஆள் ஒன்பதில் தெரிவான். படைகள் எதிர் எதிராக முன்னேறுகிற ஆட்டம் என்பதால் இந்தக் கோளாறு எப்போதும் தாக்குபவருக்கு "எட்டும்" என்றும், காப்பவருக்கு "எட்டாது" என்றும் காட்டும். இரண்டு பேருக்கும் தனக்குச் சாதகமாகவே கண் காட்டுகிறது. எங்கள் கூட்டத்தில் பெரிய மனஸ்தாபம் வந்தது இதனால்தான். காரணம் புரிந்த அன்று இருவருமே கொஞ்சம் வெட்கப்பட்டார்கள்.

டேப்பைக் கீழே இறக்க முடிந்தால் இறக்குங்கள். முடியாவிட்டால் இருவரும் எழுந்து நின்று நேர் மேலிருந்து பாருங்கள், ஒரு கண்ணை மூடிக்கொண்டு. இன்னும் சந்தேகம் என்றால் தூக்குகுண்டு. நூலில் கட்டிய ஒரு நட்டு போதும். டேப்பின் எட்டாம் கோட்டிலிருந்து தொங்கவிட்டால் அது பேஸைத் தொடும், அல்லது தொடாது. கண் அங்கே பேச முடியாது.

இதைவிடவும் நல்லது பகடை போடுவதற்கு முன்னால் அளந்து, வாய்விட்டுச் சொல்லி ஒப்புக்கொள்வது. "இவனிலிருந்து அவன்வரை எட்டுக்குள் இருக்கு, சரிதானே?" "சரி." பகடையில் எட்டு விழுந்த பிறகு அளந்தால் டேப் ரப்பராகிவிடும். பழைய காலத்து ஆட்டங்கள் பலவற்றில் முன்கூட்டியே அளக்கத் தடை இருந்தது. கண்ணால் மதிப்பிடுவதே ஒரு திறமை என்று வைத்திருந்தார்கள். வார்ஹாமர் 40,000 என்ற பெயர்பெற்ற பொம்மைப் போர் ஆட்டமே 2012-இல் வந்த ஆறாம் பதிப்பில் எப்போது வேண்டுமானாலும் அளக்கலாம் என்று விட்டுவிட்டது. பழையவர்களுக்கு வருத்தம்தான். எனக்கு நிம்மதி.

ஒரு நூலுக்குள் இருக்கும் வித்தியாசத்துக்கு நாங்கள் வாதாடுவதில்லை. பகடை போட்டு ஒற்றையா இரட்டையா என்று பார்த்துவிடுவோம்.

மேடும் தரையும்

குன்று ஏறும்போது சரிவை அளப்பதா, மேலிருந்து பார்க்கும் கிடைத்தூரத்தை அளப்பதா என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். கிடையில் ஆறு இன்ச் போய் மூன்று இன்ச் ஏறினால் சரிவு ஆறே முக்கால் இன்ச்சுக்குக் கொஞ்சம் கீழே. முக்கால் இன்ச்சுக்காகத்தான் சண்டை, அதனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லி வைத்துவிடுங்கள்.

மேஜை போதாமல் சில நாள் தரையிலேயே ஆடுவோம். ஆத்தங்குடி ஓடு வழவழப்பானது, எண்ணெய் போட்டுத் துடைத்த தரையில் டேப் பட்டாலே பொம்மை வழுக்கிப் போகும். பேஸின் அடியில் சின்னதாக ஒரு ரப்பர் துண்டு ஒட்டினால் நிற்கும். டேப்பின் பூட்டை அவிழ்த்து "சரக்" என்று சுருளவிடுபவரை மட்டும் தரையில் உட்காரவிடாதீர்கள். தரை ஓடுகளையே கட்டமாக எண்ணி அளக்கலாம் என்ற யோசனை எல்லாருக்கும் வரும். எங்களுக்கும் வந்தது. ஒரு ஓடு ஒரு அடி என்று நினைத்து ஒரு முழு ஆட்டம் ஆடி முடித்த பிறகுதான் யாரோ அளந்து பார்த்தார்கள். இந்த வீட்டு ஓடு பத்து இன்ச். எல்லாரும் எல்லாத் தூரமும் ஆறில் ஒரு பங்கு குறைவாகவே ஆடியிருக்கிறோம். துப்பாக்கிக்காரர்கள் அன்று ஏன் அவ்வளவு பரிதாபமாகத் தோற்றார்கள் என்பது, சரி, அதற்கு வேறு காரணமும் இருக்கலாம்.

இப்போதைய பெட்டி

சங்கிலி, புளியங்கொட்டை, நட்டு கட்டிய நூல். கூடவே ஒரு குச்சி. கதவு பழுது பார்க்க வந்த ஆசாரியிடம் மீந்த தேக்குத் துண்டைக் கொடுத்து "ஆறு இன்ச், கரெக்டா" என்று கேட்டேன். மூலைமட்டம் வைத்துக் கோடு போட்டு, ரம்பத்தைக் கோட்டுக்கு வெளியே ஓட்டினார். அளந்து பார்த்தால் ஆறு இன்ச்சும் அரை நூலும். "இழைச்சுத் தரவா தம்பி?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். குதிரைப்படைக்கும் தனிக் குச்சி செய்யவில்லை, இதே குச்சியை இரண்டு முறை போட்டுக்கொள்கிறோம், அதனால் அந்த அரை நூல் எல்லாருக்கும் அதே விகிதத்தில்தான் போய்ச் சேருகிறது. போன வாரம் புதிதாக வந்த ஒருவர் குச்சியைத் தன் இரும்பு டேப்பில் வைத்துப் பார்த்து, "இது அரை நூல் கூட இருக்கே" என்றார். "இருக்கட்டும், உங்க டேப்பைப் பைக்குள்ள வைங்க" என்றேன்.